மெகாட்ரோனிடம் காசு திருப்பிக் கேட்டவர்கள்

கால்வின் ஜோன்சனைப் பற்றிக் கதை எடுத்தால் யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்லுவார்: "திறமான ஆள்தான், ஆனா பாதியில விட்டுட்டுப் போயிட்டாரே." அமெரிக்க உதைபந்தாட்டத்தை யூடியூப் துண்டுகளில் மட்டும் பார்க்கிற எங்கட ஆக்களும் இப்ப இதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. அவர் எதைப் பாதியில் விட்டார்?

2007இல் டெட்ரோயிட் லயன்ஸ் அணி அவரை அந்த வருடத் தெரிவின் இரண்டாவது ஆளாக எடுத்தது. அடுத்த வருடமே அந்த அணி 16 ஆட்டங்களிலும் தோற்றது. என்.எஃப்.எல் சரித்திரத்தில் அதற்கு முதல் எந்த அணிக்கும் நடக்காத அவமானம். அதே வருடம் ஜோன்சன் 12 டச்டவுன், 1,331 யார்ட். 2012இல் 1,964 யார்ட் எடுத்து, ஜெரி ரைஸ் 1995இல் வைத்த 1,848 என்ற சாதனையை உடைத்தார். அந்த வருடம் லயன்ஸ் வென்ற ஆட்டங்கள் எத்தனை தெரியுமா? நாலு. ஒன்பது வருடத்தில் அவரை பிளேஓஃபுக்கு இரண்டு தரம்தான் கூட்டிக்கொண்டு போனார்கள், இரண்டு தரமும் முதல் ஆட்டத்திலேயே வீடு திரும்பினார்கள். இதில் ஆர் ஆரைக் கைவிட்டது?

வைட் ரிசீவர் எண்டால் சும்மா ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிற வேலை எண்டு நினைக்கக் கூடாது. பந்து வானத்தில் இருக்கும், கண் பந்தில் இருக்கும், இரண்டு கையும் தலைக்கு மேல். விலா முழுக்கத் திறந்து கிடக்கும். எந்தப் பக்கத்தால் ஆள் வந்து மோதுவான் எண்டு பார்க்க நேரமில்லை. பார்த்தால் பந்து போய்விடும். ஜோன்சனுக்கு இது இன்னும் மோசம். அவரைத் தடுத்தால் லயன்ஸை நிப்பாட்டலாம் எண்டு எல்லாருக்கும் தெரியும், அதனால் இரண்டு பேர், சில நேரம் மூன்று பேர் அவரிலேயே நிற்பார்கள். 'மெகாட்ரோன்' எண்டு ஒரு ரோபோவின் பெயரை அவருக்கு வைத்திருந்தார்கள். விரல், முழங்கால், கணுக்கால் எல்லாம் காயம். வலிநிவாரணிகள் எவ்வளவு லேசாகக் கைக்கு வந்தன எண்டு பிறகு அவரே சொன்னார்.

2016 மார்ச்சில், 30 வயதில், போதும் எண்டார். அணி என்ன செய்தது? ஒப்பந்தத்தோடு குடுத்த கையொப்பப் பணத்தில் 10 லட்சம் டொலருக்கு மேல் திருப்பி வாங்கியது. அணியின் சொந்தக்காரர் ஆர் எண்டால், கார் செய்கிற ஃபோர்ட் குடும்பம்! 1999இல் பரி சாண்டேர்ஸ் விலகின நேரமும் இதே குடும்பம், இதே வேலை.

"ஒப்பந்தம் எண்டால் ஒப்பந்தம்தானே, 10 கோடி டொலருக்கு மேல் உழைச்சவர்தானே" எண்டு கேட்பீர்கள். சரி, உழைத்தார். ஆனால் அந்த லீக்கில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் முழுதாக உத்தரவாதப்பட்டவை இல்லை. காயப்பட்டு வேகம் குறைந்தவனை அணி நடுவில் வெட்டி விடலாம், மிச்ச வருடங்களின் சம்பளம் அப்படியே காற்றில் போகும். அதை ஒருத்தரும் "பாதியில் விட்டது" எண்டு சொல்வதில்லை, "வியாபாரம்" எண்டு சொல்வார்கள். விளையாடுகிறவன் தானாக எழும்பிப் போனால் மட்டும் துரோகம். காசைத் திருப்பிக் கேட்கலாம் எண்டுதான் விதி, கேட்கத்தான் வேணும் எண்டு இல்லை. 2019இல் அன்ட்ரூ லக் 29 வயதில் விலகினபோது இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 2 கோடி டொலருக்கு மேல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜோன்சன் படித்த அதே ஜோர்ஜியா டெக்கில், அவருக்குப் பிறகு அதே இடத்தில் விளையாடியவர் டிமாரியஸ் தோமஸ். 2016 பெப்ரவரியில் டென்வர் அணியோடு சூப்பர் போல் வென்றார், ஜோன்சன் விலகுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முதல். "மோதிரம் இல்லாமல் போனவர்" எண்டு ஜோன்சனைச் சொல்கிறவர்களுக்கு, மோதிரம் வாங்கிய தோமஸ்தான் உதாரணம். தோமஸ் 2019 வரை விளையாடினார். 2021 டிசம்பரில், 33 வயதில், வீட்டில் இறந்து கிடந்தார். வலிப்பு நோய்ச் சிக்கல் எண்டு காரணம் சொன்னார்கள். 2022இல் அவருடைய மூளையை ஆராய்ந்தவர்கள், தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வரும் சி.ரி.ஈ நோய் இரண்டாம் கட்டத்தில் இருந்தது எண்டு அறிவித்தார்கள். உயிரோடு இருக்கிற ஆளில் இந்த நோயை உறுதியாகக் கண்டுபிடிக்க இன்னும் வழியில்லை. அதாவது இன்னும் எத்தனை அடி தாங்கலாம் எண்டு ஜோன்சனுக்குச் சொல்லக்கூடிய ஒரு மருத்துவரும் 2016இல் இருக்கவில்லை.

தோமஸ் இறந்த அதே 2021இல், நாலு மாதம் முதல், ஜோன்சனைத் தகுதி பெற்ற முதல் வருடத்திலேயே ஹோல் ஒஃப் ஃபேமில் சேர்த்தார்கள். அவருக்கு 35 வயது. மேடைக்குத் தானாக நடந்து போனார்.