‘வேண்டாம்’ என்றும் ஒரு பெயரா?

திருத்தணி அருகே நாராயணபுரம் கிராமத்தில் பெண் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்று பெயர் வைக்கும் வழக்கம் 2019-இல் நாடறிய வெளிவந்தது. அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்குமாம்! ‘போதும்பொண்ணு’ என்ற பெயரும் தமிழகத்தில் புதிதல்ல.

“பாமரரின் மூடநம்பிக்கை” என்று கனவான்கள் சிரிக்கிறார்கள். மூடநம்பிக்கைதான். அதற்குத் தீனி போடுவது எது? வரதட்சணை! 1961-லேயே தடைச் சட்டம் வந்தது. 1989-இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. பங்கு போட ஒரு குழி நிலமில்லாத கூலிக்காரனுக்கோ, மகள் பிறந்ததும் கல்யாணக் கடன்தான் கண்முன் நிற்கிறது.

பெண் சுமையா? ஏலகிரி மலையடிவாரத்தில் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கு வண்டியேறும் பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் தைக்கும் ஷூ கடல் கடந்து போகிறது. அவர்கள் கூலியில் அடுப்பு எரிகிறது. முதலாளிக்கு அவள் உழைப்பு வேண்டும், வீட்டுக்கு அவள் சம்பளம் வேண்டும். அவள் மட்டும் வேண்டாமா?

ஆஜர் கூப்பிடும்போது வகுப்பே சிரிக்க, தலைகுனிந்து எழுந்து நிற்கும் சிறுமியின் வேதனையை யார் அளப்பது? வளர்ந்தபின் பெயரை மாற்ற நினைத்தால், அரசிதழில் வெளியிட அவளே கட்டணம் கட்ட வேண்டும். அவமானம் தந்தது சமுதாயம். துடைக்கும் செலவு அவள் தலையிலா?

இத்தகைய பெயர்களை அரசு இலவசமாக மாற்றித் தரட்டும்! வரதட்சணைத் தடைச் சட்டத்தைக் கண்டிப்பாக அமல் நடத்தட்டும்!

பெற்றோரே! வரதட்சணை கேட்டு வருபவனிடம் சொல்லுங்கள், ‘வேண்டாம்’ என்று. பெற்ற மகளிடம் சொல்லாதீர்கள்!