கைப்பேசித் தடை: செலவு ஆசிரியர் தலையிலா?

பினாங்கில் ஏதாவது ஓர் இடைநிலைப்பள்ளிக்கு, ‘ஸ்பாட் செக்’ நடக்கும் காலையில் போய்ப் பாருங்கள். புத்தகப் பைகள் மேசைமேல் கவிழும். காலுறைக்குள்ளிருந்து ஒரு கைப்பேசி வரும், பென்சில் பெட்டியிலிருந்து இன்னொன்று. கட்டொழுங்கு ஆசிரியர் ஒவ்வொன்றையும் உறையிலிட்டு, பெயரையும் வகுப்பையும் எழுதி, திரையில் கீறல் இருந்தால் அதையும் குறித்துக்கொள்வார். குறிக்காமல் விட்டால் நாளை பெற்றோரிடம் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் நடத்த வேண்டிய கணிதப் பாடம் நின்றுபோயிருக்கும்.

மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்று கல்வியமைச்சு 2009-லேயே சுற்றறிக்கை விட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் பண்டார் உத்தாமா இடைநிலைப்பள்ளியில் 16 வயது மாணவி குத்திக் கொல்லப்பட்ட பிறகு, மாணவர்களின் கைப்பேசிக் கட்டுப்பாட்டை இறுக்குவது பற்றிய பேச்சு அமைச்சரவை வரை போனது. தடை வேண்டும் என்பதே நம் நிலைப்பாடும். அதைக் காசு செலவில்லாமல் நடத்திவிடலாம் என்ற நினைப்பைத்தான் எதிர்க்கிறோம்.

ஒரு வகுப்பில் தினமும் பத்து நிமிடம் சோதனைக்கும் பதிவுக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 190 பள்ளி நாளுக்கு 31 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இதற்கென்று எந்த ஒதுக்கீடும் இல்லாததால், இந்த நேரம் ஆசிரியரின் பாடவேளையிலிருந்தும் ஓய்வுநேரத்திலிருந்தும் எடுக்கப்படுகிறது. பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி வேண்டுமென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வசூலித்து வாங்க வேண்டும். வசதியான வட்டாரத்தில் ஒரே கூட்டத்தில் அந்தப் பணம் சேர்ந்துவிடும். மற்ற இடங்களில் தலைமையாசிரியரின் மேசை இழுப்பறைதான் கிடங்கு.

நியூயார்க் மாநிலம் 2025-26 கல்வியாண்டில் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசிக்குத் தடை விதித்தபோது, அவற்றை வைக்கும் ஏற்பாடுகளுக்காகவே 1.35 கோடி டாலர் ஒதுக்கியது. தடையை அறிவித்தவர்களே அதற்கான பணத்தையும் கொடுத்தார்கள். இங்கே சுற்றறிக்கை மட்டும்தான் வருகிறது.

பணம் கொடுத்தாலும் தடை ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பள்ளிகளில் 1,227 மாணவர்களை ஆராய்ந்து 2025-இல் முடிவுகளை வெளியிட்டனர். தடை கடுமையாக உள்ள பள்ளிக்கும் தளர்ந்த பள்ளிக்கும் இடையே பிள்ளைகளின் மனநலத்தில் அவர்கள் வேறுபாடு காணவில்லை. நாள் முழுவதும், வீட்டையும் சேர்த்து, கைப்பேசியில் எவ்வளவு நேரம் போகிறது என்பதோடுதான் பாதிப்பு ஒட்டியிருந்தது. அப்படியிருக்க, ஆசிரியரை மட்டும் காவல்காரராக்குவது என்ன நியாயம்?

ஒரு தாயின் பக்கத்தையும் பார்ப்போம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்பவர். மகள் மாலையில் புறப்பாட நடவடிக்கை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் தனியாக நிற்கிறாள். அந்தக் காலத்தில் 20 சென் போட்டுப் பேசப் பொதுத் தொலைபேசி இருந்தது, இப்போது எங்கே தேடுவது? வீட்டுப்பாடமும் அறிவிப்பும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. அதனால் கைப்பேசி வாங்கிக் கொடுத்தார். பிடிபட்டதும், ‘பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் தருவோம்’ என்கிறது பள்ளி. அதுவும் அலுவலக நேரத்தில். அரைநாள் சம்பளம் போகிறது. வசதியான வீட்டுக்கு இது ஒரு சிறு அலைச்சல். இவருக்கோ மாதக் கணக்கே இடிக்கும்.

கல்வியமைச்சர் ஃபட்லினா சிடேக் நிபோங் தெபால் நாடாளுமன்ற உறுப்பினர். பினாங்கின் பள்ளிகள் அவருக்குப் புதியவையல்ல. அவரிடம் நேரடியாகவே கேட்கிறோம். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தொகை ஒதுக்குங்கள். பள்ளிதோறும் பூட்டுள்ள அலமாரி, அதைப் பார்த்துக்கொள்ள ஆசிரியரல்லாத ஓர் ஊழியர், மாணவர்கள் கட்டணமின்றி வீட்டுக்குப் பேச அலுவலகத்தில் ஒரு தொலைபேசி இவற்றுக்கு அந்தத் தொகை போதுமானதாக இருக்க வேண்டும். பறிமுதலான கைப்பேசி தொலைந்தாலோ உடைந்தாலோ பொறுப்பு அமைச்சுடையது, ஆசிரியருடையதல்ல என்று எழுத்தில் கொடுங்கள். பெற்றோர் வேலை முடிந்து வந்து வாங்கிக்கொள்ளும்படி, வாரத்தில் ஒரு நாளாவது மாலை ஏழு மணி வரை பள்ளி அலுவலகம் திறந்திருக்கட்டும்.