ஆண்டுக்கு ஒரு கேள்வி

குன்னத்துகால் பஞ்சாயத்தில் காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்குள் போகிற எவரும் ஒரு பழைய பட்டாளக்காரரின் பெயரைக் கடந்துதான் போகிறார். டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல். 1916-இல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்த ராணுவ மருத்துவர். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். இரண்டாம் முறை ஆக்சிஜன் துணையின்றி ஏறத்தாழ 28,000 அடி வரை போனார். முதல் பயணம் முடிந்து தென்திருவிதாங்கூரைச் சுற்றிப் பார்த்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் நெருக்கடியைக் கண்டு இங்கேயே மருத்துவராக வந்து சேர்ந்தார். அவர் கதை நமக்குத் தெரியும். 1936-இல் அவரே புத்தகமாக எழுதினார். அந்தப் பெயர்ப்பலகைக்கு அவர் முழுத் தகுதி உள்ளவர்.

அந்தப் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் காத்திருந்த நம் பாட்டாக்களும் பட்டாளக்காரர்கள்தான். அவர்கள் எங்கே நின்றார்கள், எதைக் கண்டார்கள், யாரைப் புதைத்துவிட்டு வந்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் எழுதி வைக்கவில்லை என்பது பாதிக் காரணம். நாம் கேட்கவில்லை என்பது மீதிப் பாதி.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, வெள்ளறடை வரை விரியும் இந்த எல்லை ஊர்களில் 'மிலிட்டரி பாட்டா' இல்லாத தெரு குறைவு. விடியுமுன் எழுவார். முகம் மழித்து, முழங்காலில் நின்று ஜெபித்து, கறுப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு மரச்சீனி விளைக்குள் இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்குமுன் ஆலயத்தில் இருப்பார். இரவில் குடும்ப ஜெபத்துக்கு ஒரு பிள்ளை குறைந்தாலும் சங்கீதம் தொடங்காது. இதையெல்லாம் நாம் பெருமையாகச் சொல்வோம். அடக்க ஆராதனையில் வாசிக்கிற வாழ்க்கைக் குறிப்பில் இதெல்லாம் வரும். 'ராணுவத்தில் பணியாற்றினார்' என்று ஒரு வரியும் வரும். பத்துப் பதினைந்து, சிலருக்கு இருபது வருடம் அந்த ஒரு வரிக்குள் முடிந்துவிடும்.

பட்டாளத்தை நாம் முழுக்க மறந்துவிட்டோம் என்று சொல்லவும் முடியாது. அதன் வரவு நமக்கு நன்றாக நினைவிருந்தது. மாதப் பென்ஷன், கேன்டீனில் விலை குறைந்த சோப்பும் பிரஷர் குக்கரும், பாட்டா தொடாத குப்பிக்குக் கல்யாண வீடுகளில் இருந்த மவுசு, 2003-க்குப் பிறகு முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அட்டை. நவம்பர் பிறந்தால் அவரைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, வாழ்நாள் சான்றுக்கு அழைத்துப் போனோம். ஆண்டுக்கு ஒருமுறை அரசு அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: உயிரோடு இருக்கிறீர்களா? நாமும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதை இப்போது வெளியிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. திருவிதாங்கூரின் சொந்தப் படை நெடுங்காலம் நாயர் படையாகவே இருந்தது. மற்றச் சாதிப் பையன்கள் சீருடை அணிய வேண்டுமானால் பிரிட்டிஷ் இந்தியப் படைக்குப் போக வேண்டும். அங்கேயோ, மதராசிகளுக்குப் போர்க்குணம் போதாது என்ற கொள்கையின்படி 1930-களின் தொடக்கத்துக்குள் மதராஸ் காலாட்படைப் பிரிவுகளைக் கலைத்துவிட்டிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் மதராஸ் ரெஜிமென்ட்டைத் திரும்ப எழுப்பினார்கள். அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். நாடார் பெண்கள் மேலுடுப்பு அணியலாம் என்று 1859-இல்தான் அரச விளம்பரம் வந்த நாடு இது. கொள்ளுப்பாட்டியின் தோளில் துணி கிடக்கவே போராட வேண்டியிருந்த குடும்பத்தில் ஒருவன் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையோடு விடுமுறைக்கு ஊர் வந்து இறங்கினால், அந்த நடைக்கு என்ன பொருள் இருந்திருக்கும்? நாம் அதைச் சம்பளமாக மட்டும் பார்த்தோம்.

அவருடைய பக்தியையும் அப்படித்தான் பார்த்தோம். அது வயதானவர்களுக்கு இயல்பாக வருவது என்று நினைத்துக்கொண்டோம். 91-ஆம் சங்கீதத்தைச் சிப்பாய்களின் சங்கீதம் என்று சொல்வார்கள். பாட்டா அதை மனப்பாடமாகச் சொன்னபோது நல்ல மனப்பாடம் என்று மெச்சினோம். எந்த இரவில் அதைச் சொல்லத் தொடங்கினார் என்று விசாரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் விழ, தான் மட்டும் பிழைத்த ஒருவருக்கு அந்தச் சங்கீதம் ஆறுதலா, வழக்கா? நமக்குத் தெரியாது. ஜெபத்தைச் சபைக்கும் போரைச் சர்க்காருக்கும் பங்கு வைத்துவிட்டு, இரண்டும் நடந்தது ஒரே உடம்பில் என்பதை விட்டுவிட்டோம்.

மொழியிலும் அவரைக் கைவிட்டோம். 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இந்தப்பக்கத் தமிழ் வீடுகளில் பிள்ளைகள் மலையாளத்திலும் பிறகு ஆங்கிலத்திலும் படித்தார்கள். அதில் தவறில்லை, பிழைப்பு அங்கே இருந்தது. ஆனால் பாட்டா முகாமிலிருந்து எழுதியது தமிழில். வேதப்புத்தகத்தின் ஓரத்தில் குறித்து வைத்ததும் தமிழில். வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் வீடு இடித்துக் கட்டும்போது டிரங்குப் பெட்டியை இரும்புக்காரனிடம் போட்டார்கள். காகிதம் அடுப்புக்குப் போயிற்று. முதல் உலகப் போரில் பிரான்சில் நின்ற இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் பிரிட்டிஷ் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்து, பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தார்கள். லண்டனில் அவை இன்றும் இருக்கின்றன. சந்தேகப்பட்டவன் பத்திரப்படுத்தினான், சொந்தக்காரர்கள் நாம் எரித்தோம்.

பென்ஷன் இல்லாதவர்களை இன்னும் மோசமாக நடத்தினோம். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்கப் பதினைந்து வருடச் சேவை வேண்டும். உலகப் போருக்கென்று எடுக்கப்பட்டு, போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிடம் அந்தக் கணக்கு இல்லை. அவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மாநில அரசு பின்னாளில் உதவித்தொகை கொடுத்தது. அதற்கு மனு எழுதிக்கொடுக்க ஆள் தேடி அந்தக் கிழவிகள் நம் வாசலில் நின்றபோது, 'நாளைக்கு வா பாட்டி' என்றோம். வருடக்கணக்கில் மணியார்டரை மட்டும் எதிர்பார்த்து விளையையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களிடமும் நாம் எதுவும் கேட்கவில்லை.

வெள்ளைக்காரன் செய்த புறக்கணிப்பைப் பேசுவது நமக்குச் சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்கர் உள்ளிட்டவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படாமல், ஒருவேளை நினைவுகூரப்படாமலே, விடப்பட்டார்கள், இனப்பாகுபாடும் அதற்கு ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் கழித்துத்தான் கேட்டார்கள். நாம் இன்னும் கேட்கவில்லை. குளச்சல் வெற்றித்தூணில், திருவிதாங்கூர் டச்சுக்காரரை வென்ற 1741-இன் போருக்கு ஜூலை 31-இல் மதராஸ் ரெஜிமென்ட் மரியாதை செய்வதைப் போய்ப் பார்க்கிறோம். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம் என்பது பொங்கல் அவசரத்தில் நமக்குத் தெரிவதே இல்லை.

உலகப் போர்த் தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1971 போரில் நின்றவர்கள் எழுபதுகளைத் தாண்டுகிறார்கள். 1987 முதல் 1990 வரை அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்கள் இப்போதுதான் பாட்டாக்கள் ஆகியிருக்கிறார்கள். அங்கே சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னை வந்து இறங்கியபோது தமிழ்நாட்டு முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. தமிழ் பேசுகிறவன் யாழ்ப்பாணத்தில் துப்பாக்கியோடு நின்றது என்ன அனுபவம் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கக்கூடும். சங்கடமான பேச்சு என்று அதையும் தள்ளிப்போடுகிறோம்.

நம் சபைகள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு வைத்திருக்கின்றன. ஒரு தேதி பிசகினாலும் கமிட்டியில் சண்டை வரும். நான்காவதாக ஒரு நோட்டுப் போடலாம். டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும் எண், படைப்பிரிவு, சேர்ந்த நாள், விட்ட நாள்; பிறகு அவர் சொல்வது, அவர் பேசுகிற தமிழிலேயே. கோவில், பள்ளிவாசல், வாசகசாலை எங்கும் இதைச் செய்யலாம். சிலர் சொல்ல மறுப்பார்கள். மறுத்தார் என்று எழுதித் தேதி போட்டு வைப்போம். கேட்டோம் என்பதற்காவது ஒரு பதிவு இருக்கட்டும்.