பச்சைக்கல் எண்ணும் பிள்ளை

கல்யாணமாகி ஹைதராபாத்தை அடுத்த ராமச்சந்திராபுரம் வந்து முப்பத்தெட்டு வருஷமாகிறது. அவருக்கு பெல் தொழிற்சாலையில் வேலை, நான் டீச்சர். ஓய்வுபெற்றபின், பட்டான்செருவைத் தாண்டியிருக்கும் ஒரு செங்கல் சூளைக்குச் சாயங்காலங்களில் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன்.

எல்லாம் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்துக் குடும்பங்கள். நுவாகாய் பண்டிகை முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு வருவார்கள். மழைக்கு முன் ஊர் திரும்புவார்கள். புருஷன், பெண்டாட்டி, ஒரு பிள்ளை சேர்ந்தால் ஒரு ‘பத்துரியா’. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. பிள்ளையின் கையும் அந்தக் கணக்கில் அடக்கம்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. காய்கிற பச்சைக்கல்லை ஓரம் உடையாமல் புரட்டிப் போடுவாள். விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்றிருக்கும், பென்சில் நழுவும். ஆனால் வரிசையைப் பார்த்தே இத்தனை நூறு கல் என்று சொல்லிவிடுவாள். அந்த எண்ணை எழுதத்தான் தெரியாது. ஸ்தானமதிப்பு புரிய அவளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாசியில் ஒருநாள், சூளையில் கணக்கெழுதும் முன்ஷி கொடுத்த சீட்டை அவளே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் சீட்டைப் பார்க்கவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளைப் பக்கத்துப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். டி.சி. இல்லை, வருஷ நடுவில் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. வருஷ நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைத்து, விட்டுப்போனதற்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். எல்லாம் ஏட்டில் இருக்கிறது. சூளைப் பிள்ளைக்காக அந்த ஏட்டைப் புரட்ட ஆளில்லை.

முடியாத காரியமில்லை இது. 1991-இல் இதே வட்டாரத்தில், ரங்காரெட்டி மாவட்டத்தில், சாந்தா சின்ஹாவின் எம்.வி. அறக்கட்டளை வேலைக்குப் போன பிள்ளைகளை முகாமில் தங்கவைத்து, தயார்செய்து, நேரே அரசுப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பள்ளியில் இல்லாத பிள்ளையெல்லாம் குழந்தைத் தொழிலாளிதான் என்றார்கள். ஒடியா ஆசிரியர்களை வைத்துச் சூளையருகே பள்ளி நடத்திய அனுபவமும் இந்த மாநிலத்துக்கு உண்டு. ஒவ்வொரு கார்த்திகையிலும் கல்வித்துறை ஆட்கள் சூளை சூளையாகப் போய்ப் பெயரெழுத வேண்டும். என் சாயங்காலப் பாடம் பள்ளிக்கூடம் ஆகாது. பகலெல்லாம் குனிந்து கல் புரட்டிய பிள்ளை, ஆறு மணிக்கு என் முன்னால் தூங்கி விழுகிறது.

வைகாசியில் அவர்கள் கிளம்பினார்கள். எதுவரை படித்திருக்கிறாள் என்று ஊர்த் தலைமையாசிரியருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். முத்திரையில்லை, என் கையெழுத்து மட்டும்தான். அவள் அப்பா அதை நாலாக மடித்து, ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.