உலை அரிசிக்குக் காவல் நின்றவர் யார்?

பதுளையிலிருந்து கிழக்கே இறங்கும் நெடுஞ்சாலை பசறையையும் லுணுகலையையும் பிபிலையையும் மகா ஓயாவையும் கடந்து செங்கலடியில் சென்று முடிகிறது. அங்கிருந்து மட்டக்களப்புக் கடல் நெடுந்தொலைவில் இல்லை. அந்தக் கடலின் அடியில் நம் மலைநாட்டு மக்களின் வாழ்வோடு தொடர்புடைய ஒரு சிறு கப்பல் கிடக்கிறது. அதன் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1942 ஏப்ரல் 9-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அதில் 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஹெர்மிஸின் வரலாறு நூல்களில் இடம்பெற்றது. இன்றும் அக்கப்பலைக் காண்பதற்கென்றே கடல் தாண்டி வந்து மூழ்குவோர் இருக்கின்றனர். அதனுடன் சென்ற ‘வாம்பயர்’ என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலையும் அந்நாட்டார் மறக்கவில்லை. ஆனால் அதே நாளில், அதே கடலில், மட்டக்களப்புக்குத் தென்கிழக்கே மூழ்கிய ‘ஹோலிஹொக்’ என்ற சிறு கப்பலைப் பேசுவோர் மிகச் சிலரே.

ஹோலிஹொக் என்பது செம்பருத்தியின் இனத்தைச் சேர்ந்த ஒரு மேனாட்டுப் பூ. இக்கப்பலும் இதனோடு பிறந்த கப்பல்களும் பூக்களின் பெயர்களையே தாங்கின. பெயர்தான் பூ, பணியோ முள்! ‘கொர்வெட்’ எனப்பட்ட இக்கப்பல்களின் நிறை 1,000 டன்னுக்கும் குறைவு. ஹெர்மிஸோ 10,000 டன்னுக்கும் மேல். கொர்வெட்டின் முன்புறம் ஒரே ஒரு நான்கு அங்குலப் பீரங்கி. பின்புறம் ஆழ்நீர்க் குண்டுகள். உள்ளே ஒரே ஒரு நீராவி எந்திரம். மணிக்கு 16 கடல் மைலுக்கு மேல் அதனால் ஓட இயலாது. நீர்மட்டத்துக்கு மேலே வந்து ஓடும் ஜெர்மானிய நீர்மூழ்கி இதைவிடச் சற்று விரைவாகவே ஓடும். ஆம்! வேட்டைக்காரனைவிட வேகமாக ஓடும் விலங்கைப் பிடிக்க அனுப்பப்பட்ட கப்பல் இது.

அப்படியாயின் இதை ஏன் கட்டினார்கள்? போர் மூண்டபோது பிரிட்டனிடம் பெருங்கப்பல்கள் இருந்தன. சரக்குக் கப்பல்களுக்குத் துணை செல்லும் சிறு கப்பல்கள் போதவில்லை. பெரிய கப்பல் கட்டும் தளங்களோ பிற வேலைகளில் மூழ்கியிருந்தன. ஆகவே திமிங்கில வேட்டைப் படகின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, சிறிய தளங்களும் கட்டக்கூடிய எளிய கப்பலை வரைந்தார்கள். அவ்வாறு பிறந்தவை 200-க்கும் மேற்பட்ட இந்தப் பூக்கப்பல்கள். பனி படிந்த புல்லின்மேல் விட்டாலும் இவை உருளும் என்று மாலுமிகள் கேலி பேசினர். உறங்கவும் உண்ணவும் வசதியற்ற அந்தக் கப்பல்களில் பணி செய்தவர்களுள் பெரும்பாலோர் பரம்பரைக் கடற்படையினர் அல்லர். வணிகக் கப்பல் மாலுமிகளும், மீனவர்களும், நேற்றுவரை கடையிலும் கந்தோரிலும் வேலை பார்த்தவர்களுமே அவர்கள்.

அவர்களுடைய வேலை எத்தகையது? நீருக்குள் ஒலியை அனுப்பி, அது எதிரொலித்து வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். எதிரொலி வந்தால் அத்திசையில் விரைய வேண்டும். மிக நெருங்கியதும் எதிரொலி கேட்காமற் போகும். அந்தக் கணத்தில் குருடன் கல்லெறிவதுபோல், ஆழத்தைக் கணித்துப் பின்புறமிருந்து குண்டுகளை உருட்டிவிட வேண்டும். தப்பினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்குப் பெரும் போர் என்ற புகழ் கிடையாது. கப்பல் தொகுதி கரை சேர்ந்தால் அன்று செய்தியே இல்லை. செய்தி இல்லாமையே அவர்களின் வெற்றி!

உழவர் பெருமக்களுக்கு எளிதில் விளங்கும் ஒரு கணக்கும் இதில் உண்டு. ஓர் ஏக்கர்ச் சதுர நிலத்துக்கு வேலி அடைக்கிறோம். ஒன்பது ஏக்கர்ச் சதுர நிலத்துக்கு ஒன்பது மடங்கு வேலி வேண்டுமா? வேண்டாம், மூன்று மடங்கே போதும். பௌதிக அறிஞர் பிளாக்கெட்டும் அவருடைய குழுவினரும் போர்க்காலத்தில் இதே உண்மையைக் கடலில் கண்டார்கள். கப்பல்களைச் சிறு சிறு கூட்டமாக அனுப்புவதைவிடப் பெருங்கூட்டமாக அனுப்பினால், அதே எண்ணிக்கைக் காவற்கப்பல்கள் கூடுதல் சரக்கைக் காக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். தனித்துச் சென்றவை அழிந்தன. கூடிச் சென்றவை பிழைத்தன. 1942 ஏப்ரல் முதல் வாரங்களில் வங்கக் கடலில் காவலின்றிச் சிதறிச் சென்ற வணிகக் கப்பல்களுள் இருபதுக்கும் மேற்பட்டவற்றை ஜப்பானியப் படை ஒரு சில நாட்களில் மூழ்கடித்தது. ஹோலிஹொக் அன்று ‘அதெல்ஸ்டேன்’ என்ற எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகச் சென்றது. வானிலிருந்து குண்டு பொழிந்த விமானங்களுக்கு எதிரே அந்த ஒற்றைப் பீரங்கி என்ன செய்யும்? காத்த கப்பலும் காக்கப்பட்ட கப்பலும் சேர்ந்தே மூழ்கின.

“வெள்ளையன் நடத்திய போரில் வெள்ளையன் கப்பல் மூழ்கியது, தேயிலைத் தோட்டத்துத் தமிழனுக்கு இதில் என்ன?” என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. விடையும் நேர்மையாக இருக்கட்டும்.

1924-இல் பதுளை வரை வந்த இரயில் பாதை, தெமோதரை, எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை வழியாக ஊவாவின் தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்துக்குச் சுமந்தது. 1940 ஜூலையில் பிரிட்டனில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. ஆளொன்றுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ். இலங்கைத் தேயிலையை அந்நாட்டு உணவு அமைச்சே மொத்தமாக வாங்கியது. 1942-இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் கையில் வீழ்ந்தபின், நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் தருவதில் இலங்கையே முதலிடம் பெற்றது. இவற்றைப் பறித்த கை எவருடையது? பால் வெட்டிய கை எவருடையது? இலாபம் வேறெங்கோ சென்றது, உழைப்பு நம்முடையது.

தேயிலையும் ரப்பரும் போன கடல் வழியேதான் நம் சோறும் வந்தது. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. அதிலும் பர்மா அரிசியே மிகுதி. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. அரிசிப் பங்கீடு வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மாவு வந்தது. இன்று லயத்து அடுப்பில் சுடப்படும் ரொட்டி நம் முன்னோர் ஊரிலிருந்து கொண்டுவந்த உணவன்று. போர் கொண்டுவந்து நம் தட்டில் இட்டது. வயல் இல்லாத, சொந்த நிலம் இல்லாத தோட்டத் தொழிலாளிக்குக் கப்பல் வராவிட்டால் உலை வைக்க வழி ஏது? அந்தக் கப்பலுக்குப் பக்கத்தில் காவல் வந்தவை இச்சிறு கப்பல்களே. இதனால்தான் இவற்றின் வரலாறு நம் வரலாறும் ஆகிறது.

மேலும், இக்காவலை வெள்ளையர் மட்டுமே செய்யவில்லை. 1942 நவம்பர் 11-ஆம் நாள், அரச இந்தியக் கடற்படையின் ‘பெங்கால்’ என்ற சிறு கப்பல் ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக இந்தியப் பெருங்கடலைக் கடந்துகொண்டிருந்தது. 10,000 டன்னுக்கு மேற்பட்ட இரண்டு ஜப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன. பெங்காலின் நிறை 1,000 டன்னைக்கூட எட்டாது. பெரிய பீரங்கி என்று சொல்ல அதனிடம் ஒன்றே இருந்தது. எனினும் அது திரும்பி ஓடவில்லை. பகைவரை நோக்கியே முன்னேறியது. எதிரிக் கப்பல்களுள் ஒன்று தீப்பிடித்து வெடித்து மூழ்கியது. எந்தக் கப்பலின் குண்டு அதைத் தாக்கியது என்று இன்றும் வாதிடுவர். ஒண்டினாவின் தலைவர் உயிரிழந்தார். ஆயினும் இரு கப்பல்களும் கரை சேர்ந்தன.

இலங்கையிலும் 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொண்டர் கடற்படை ஒன்று அமைந்தது. மீன்பிடிக் கப்பல்களையும் திமிங்கில வேட்டைக் கப்பல்களையும் மாற்றியமைத்து, இந்நாட்டவர் கண்ணிவெடி அகற்றும் பணியில் ஈடுபட்டனர். 1943-இல் இத்தாலி பணிந்தபோது ‘எரித்திரியா’ என்ற இத்தாலியக் கப்பலின் சரணாகதியை ஏற்று, அதைத் துறைமுகம் சேர்த்த பெருமையும் அவர்களுக்கு உண்டு.

காவலின் கதை முழுவதும் வெற்றிக் கதை என்று சொல்லவில்லை. 1944 பெப்ரவரி 12-ஆம் நாள், மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ‘கெடிவ் இஸ்மாயில்’ என்ற படையினர் கப்பலை மாலைத்தீவுக்கு அருகே ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. 1,200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் கிழக்கு ஆபிரிக்கப் படையினரும் தாதியரும் இருந்தனர். காவலுக்கு வந்த ‘பெட்டார்ட்’, ‘பாலடின்’ என்ற நாசகாரிகள், தம்மவர் நீரில் தத்தளித்துக்கொண்டிருந்த இடத்திலேயே ஆழ்நீர்க் குண்டுகளை எறிந்தன. நீர்மூழ்கி அழிந்தது, நீரில் கிடந்தவர் சிலரும் அழிந்தனர். எஞ்சிய கப்பல்களைக் காக்க, மிதந்தவர்களைப் பலியிட நேர்ந்தது. அந்தக் கட்டளையை இட்டவரின் நெஞ்சம் எப்படித் துடித்திருக்கும்! பெரிய மேடைகளில் போரைப் புகழ்வோர் இந்தப் பக்கத்தையும் படிக்கட்டும்.

போர் முடிந்தது. காத்தவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன? 1946 பெப்ரவரியில் பம்பாயில் அரச இந்தியக் கடற்படையின் மாலுமிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கெட்ட உணவும் நிற இழிவுமே அவர்களைக் கொதிக்கச் செய்தன. வீரத்துக்குப் பதக்கம் தந்த அரசு வயிற்றுக்கு நல்ல சோறு தரவில்லை. தோட்டங்களிலும் இதே கதைதான். பதுளைக்கு அருகே வெவெஸ்ஸத் தோட்டத்தில் 1940-இலேயே தொழிலாளர் தம் உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தனர். போரின் ஆறு ஆண்டுகளும் கொழுந்து பறித்த அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964-இன் ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்துக் கப்பலேற்றியது. எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003-ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இலங்கை பின்னர் அத்தகைய காவற்கப்பல்களை விலைக்கும் வாங்கியது. கனடாவில் கட்டப்பட்டு, போர்க்காலத்தில் அந்நாட்டுக் கடற்படையில் காவற்பணி புரிந்த இரண்டு கப்பல்கள், இஸ்ரேல் கடற்படை வழியாக 1959-இல் இங்கு வந்து ‘கஜபாகு’, ‘மகாசேன’ என்று அரசர் பெயர் சூடின. பழைய கப்பலுக்கு இந்நாட்டில் உடனே புதுப் பெயரும் இடமும் கிடைத்தன. அதே காலத்தில், இந்நாட்டுக்காக உழைத்த மனிதருக்கு அவை கிடைக்கவில்லை!

ஆகவே நாம் கேட்பது இதுதான். நம் பிள்ளைகளின் பாடநூலில் 1942 ஏப்ரல் என்றால் கொழும்பில் விழுந்த குண்டும் ஹெர்மிஸும் மட்டும் போதா. ஹோலிஹொக்கும் இடம்பெறட்டும், அது காவல் நின்ற கடல் வழியும், அவ்வழியே போன தேயிலையும், வந்த மாவும் இடம்பெறட்டும். பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்ற நாட்களைத் தம் தாய் தந்தையரிடம் கேட்டறிந்த முதியோர் ஊவாத் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் சொல்வதை ஆசிரியர்களும் படித்த இளைஞர்களும் இன்றே எழுதி வைக்கட்டும். அரசாங்கம் எழுதும் என்று காத்திருந்தால் சொல்வதற்கு ஒருவரும் எஞ்சமாட்டார்.

எண்ணிப் பாருங்கள்: கடலில் காவல் நின்றவனும் மலையில் கொழுந்து பறித்தவளும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் ஒருவர் உழைப்பில் மற்றவர் வாழ்ந்தார். இருவரையும் வரலாறு சிறியவர் என்று ஒதுக்கியது. ஒதுக்கப்பட்ட இருவரையும் ஒரே பக்கத்தில் எழுதுவது நம் கடமை.