ஊரில் ஒரு ஓட்டு, டவுனில் ஒரு ஓட்டு



சில நாட்களுக்கு முன் நம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி சாப்பிட்டுக் கொண்டிருந்தோம். சுற்றி நின்ற பதினான்கு பேரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது?" இரண்டு பேர்தான் பதில் சொன்னார்கள். அந்தப் பதினான்கு பேருக்கும் அன்றைய துவரம் பருப்பு விலை தெரியும். யாரிடம் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று சிட்டையைப் பார்க்காமலே சொல்வார்கள். "கார்டு வீட்டில் இருக்கிறதே" என்பதுதான் பெரும்பாலோர் சொன்ன பதில்.

அந்தப் பதில் போதாது என்பதை நான் சொந்த அனுபவத்தில் தெரிந்து கொண்டேன். என் தவறும் அதில் இருப்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

நான் பிறந்தது அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பதினேழு வயதில் மதுரைக்கு வந்து கீழமாசி வீதியில் ஒரு பருப்பு மண்டியில் வேலைக்குச் சேர்ந்தேன். என் பெயர் ஊர்ப் பட்டியலில் இருந்தது. 1984 டிசம்பரில் முதல் ஓட்டை ஊருக்குப் போய்த்தான் போட்டேன். பிறகு சொந்தமாக மண்டி வைத்து, மதுரையில் வீடும் கட்டியபோது இங்கேயும் பெயர் பதிந்தேன். ஊரில் இருந்ததை நீக்கவில்லை. ஆக இரண்டு கார்டு. பெரிய தேர்தல்களில் மதுரையில் ஓட்டு, பஞ்சாயத்துத் தேர்தலில் ஊரில் ஓட்டு. ஒரே தேர்தலில் இரண்டு இடத்திலும் போட்டதில்லை என்பதால் இதில் தவறு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லப் போனால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பங்காளிகள் கோயில் கொடைக்குப் பத்திரிகை அனுப்புவதும், "எங்க ஊர்க்காரர்" என்று சொல்வதும் அந்தப் பெயர் இருப்பதால்தான் என்று ஓர் எண்ணம்.

சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் ஒரு தொகுதியில்தான் வாக்காளராக இருக்க முடியும். அந்தத் தொகுதியிலும் ஒரு தடவைதான் பெயர் இருக்கலாம். சாதாரணமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் பதிவு. ஓர் ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதால் மட்டும் அங்கே குடியிருப்பதாக ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிர திருத்தம் தொடங்கியது நினைவிருக்கும். வீடு வீடாகப் படிவம் கொடுத்து, 2002, 2005-ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊரிலிருந்து தம்பி மகன் போன் செய்தான். "பெரியப்பா, உங்களுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்துட்டேன்" என்றான். அவன் செய்தது அன்பினால். மதுரையில் என் படிவத்தை நானே கடையில் வைத்துப் பூர்த்தி செய்து கொடுத்துவிட்டேன். இப்படி ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் படிவம் போய்விட்டது. என் மனைவியின் படிவம் எங்கும் போகவில்லை. அலுவலர் வந்த நேரங்களில் வீடு பூட்டியிருந்திருக்கிறது. நாங்கள் இருவருமே காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்தால் இரவு ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புவோம். அவர் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வெளியானது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. என் மனைவியும் அதில் ஒருவர். திருமணமாகி வந்த நாள் முதல் மதுரையில்தான் இருக்கிறார். ஒரு தேர்தலையும் விட்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் சத்தம் போடவில்லை. "ஊர்ல ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு ரெண்டு வச்சிருந்தீங்க. எனக்கு இருந்தது ஒண்ணுதான். அதுவும் போச்சா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாளே ஆறாம் எண் படிவத்தை உறுதிமொழியுடன் கொடுத்தோம். அலைச்சல் இருந்தாலும் இறுதிப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. அதே வாரம் நான் ஊருக்குப் போய், என் பெயரை அங்கே நீக்கிவிடும்படி வாக்குச்சாவடி அலுவலரிடம் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது மனசு கனத்தது, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்த வருடமும் கோயில் கொடைப் பத்திரிகை வந்தது. வரி கேட்டும் வந்தார்கள்!

நம்மில் பலர் என்னைப் போல ஊரைவிட்டு வந்து கடை வைத்தவர்கள். இரண்டு பெயர் உள்ளவர்கள் இன்னும் இருக்கலாம். எந்த இடத்தில் தூங்கி எழுகிறீர்களோ அந்த இடத்துப் பெயரை வைத்துக் கொண்டு, மற்றதை நீங்களே ஏழாம் எண் படிவம் கொடுத்து நீக்கிவிடுங்கள். அதிகாரிகள் கண்டுபிடித்து நீக்கும்போது எந்தப் பெயர் போகும் என்பது நம் கையில் இல்லை.

கடை முகவரிக்கு ஓட்டு உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். கிடையாது. கடைக்கான உரிமத்தையோ ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழையோ முகவரிச் சான்றாகக் கொடுக்க முடியாது. மின் கட்டண ரசீது, எரிவாயு ரசீது, வங்கிப் புத்தகம், ஆதார், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் போல வீட்டு முகவரி உள்ள சான்றுதான் வேண்டும். இதில் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரு காலத்தில் மாசி வீதிகளில் கீழே கடை, மேலே வீடு. இன்று வியாபாரிகள் அண்ணா நகர், கே.கே. நகர், திருநகர் என்று போய்விட்டோம். கடைத்தெருவில் சாக்கடை அடைத்தால் அந்த வார்டு கவுன்சிலரிடம் போய் நிற்கிறோம். அவருக்கோ நம்மில் ஒருவருடைய ஓட்டும் இல்லை. இதற்குச் சட்டத்தில் வழியில்லை. குடியிருக்கும் வார்டில் நம் கவுன்சிலரைப் பிடித்து மாமன்றத்தில் பேசச் செய்வது ஒன்றுதான் வழி. அதற்கு அந்தப் பட்டியலிலாவது நம் பெயர் இருக்க வேண்டாமா? 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. சென்னை மாநகராட்சியில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வரவில்லை. ஏப்ரல் மாதம் சொத்துவரி உயர்வு அறிவிப்பு வந்தது, வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். அப்போது கடைக்குக் கடை ஒரே பேச்சு. எந்தக் கட்சி செய்தது என்பதல்ல நான் சொல்ல வந்தது. உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டியதில்லை. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரித்துப் போடுகிறார்கள். அதில் பெயர் இல்லாவிட்டால் இதிலும் இல்லை.

நம் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு இரண்டு கணக்கு சொல்கிறேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. 2021-இல் சென்னை தியாகராய நகரில் 137 ஓட்டு. தியாகராய நகர் எப்பேர்ப்பட்ட வியாபாரத் தலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் சுமார் 73 சதவீதம் பதிவாயிற்று. சென்னை மாவட்டம் 60-ஐத் தொடவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை. பெயர் இருக்கிறதா என்று 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தே கேட்கலாம். கார்டில் உள்ள எண்ணைச் சொன்னால் போதும். பிள்ளைகளிடம் கொடுத்தால் செல்போனிலேயே தேர்தல் ஆணையத்தின் பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். புதிதாகச் சேர ஆறாம் எண் படிவம். வீடு மாறினாலும், பெயரிலோ வயதிலோ பிழை இருந்தாலும், கார்டு தொலைந்தாலும் எட்டாம் எண் படிவம். முன்பெல்லாம் ஜனவரி முதல் தேதியில் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு தேதிகள். பதினேழு முடிந்ததும் முன்கூட்டியே மனுக் கொடுத்து வைக்கலாம். கல்லாவில் உட்காரும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படுகிறது. மனுக் கொடுத்தால் ஆட்சேபணைக்கு ஏழு நாள் அவகாசம் வைக்க வேண்டியிருப்பதால், கடைசி வாரத்தில் கொடுக்கும் மனு பெரும்பாலும் அடுத்த தேர்தலுக்குத்தான் பயன்படும். மனுவைத் தள்ளுபடி செய்தால் பதினைந்து நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் கிடைக்காவிட்டால் முப்பது நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

வாக்குப்பதிவு நாளில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்த பூத் சிலிப்பை மட்டும் எடுத்துக் கொண்டு போவார்கள். 2019 முதல் அது அடையாளச் சான்றாகச் செல்லாது. கார்டு இல்லாவிட்டால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் இவற்றில் ஒன்று போதும். ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் பெயரில் வேறு யாரோ முன்னமே போட்டுவிட்டுப் போயிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று தலைமை அலுவலரிடம் நிரூபித்தால், டெண்டர் ஓட்டு என்று தனிச் சீட்டுக் கொடுப்பார்கள். இயந்திரத்தில் பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் சின்னம் ஏழு விநாடி தெரியும். நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடையை அடைத்துவிட்டு வர நேரமாகிவிட்டதே என்றும் திரும்ப வேண்டாம். 2019 ஏப்ரல் 18-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அன்றுதான் மதுரையில் சித்திரைத் தேரோட்டம். மாசி வீதி முழுவதும் ஜன வெள்ளம். அதனால் மதுரையில் மட்டும் இரவு எட்டு மணி வரை நேரம் நீட்டித்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எட்டாகப் பத்து நிமிடம். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் சீட்டு எழுதிக் கொடுத்து, எட்டு மணிக்குப் பிறகும் ஓட்டுப் போட விட்டார்கள். எந்த ஊரிலும் இதுதான் விதி. முடியும் நேரத்தில் வரிசைக்குள் இருந்தால் போதும்.

வீட்டில் 85 வயது கடந்த பெரியவர்கள் இருந்தால், 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே ஓட்டுப் போட வைக்கலாம். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

தேர்தல் நேரத்தில் கொள்முதலுக்குப் பணம் கொண்டு போவதைப் பற்றியும் ஒரு வரி. 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் வங்கிச் சீட்டோ, பில்லோ, பேரேட்டு நகலோ கையில் இருக்கட்டும். பறக்கும் படை பிடித்தால் ரசீது கேட்டு வாங்கி, மாவட்ட முறையீட்டுக் குழுவிடம் ஆவணத்தோடு போங்கள். இதில் நமக்குள்ள வருத்தம் பெரிது, அதைத் தனியாக எழுத வேண்டும்.

கடைசியாக நம் கடைப் பையன்கள். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும் என்று 1996 முதல் சட்டம் இருக்கிறது. தினக்கூலிக்கும் உண்டு. கொடுக்காவிட்டால் 500 ரூபாய் வரை அபராதம். 500 ரூபாய் நமக்கு ஒரு பொருட்டல்ல. அதனால்தான் பலர் பாதிக் கதவு திறந்து வியாபாரம் செய்கிறோம். நானும் செய்தேன். 2011 ஏப்ரல் 13, மறுநாள் சித்திரை ஒன்று. லாரி வந்து நின்றுவிட்டது. மூட்டை இறக்க ஆள் வேண்டுமே என்று பையன்களைப் போக விடவில்லை. அவர்களில் ஒருவர் இன்று உசிலம்பட்டியில் சொந்தமாக மளிகைக் கடை வைத்து, என்னிடமே சரக்கு எடுக்கிறார். ஒரு நாள் பேச்சுவாக்கில், "முதலாளி, என் முதல் ஓட்டு உங்க மூட்டையில போச்சு" என்று சிரித்துக் கொண்டே சொன்னார். அவர் மறந்துவிட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு மணி நேரம் அனுமதி கொடுத்தால் போதாதா என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். பையன்களுக்கு ஓட்டு உள்ளூரிலேயே இருந்தால் சரி. தேனிப் பக்கமும் கமுதிப் பக்கமும் ஓட்டு வைத்திருப்பவர்கள் இரண்டு மணி நேரத்தில் எப்படிப் போய் வருவார்கள்? முதல் நாள் இரவே பஸ் ஏற்றிவிட வேண்டும். இப்போது நான் பஸ் கட்டணமும் கொடுத்து அனுப்புகிறேன். வருடம் முழுவதும் நம் கடை மாடியிலேயே தங்கி வேலை செய்பவர்கள், ஊர்ப் பெயரை மாற்றிக் கொண்டு இங்கேயே பதியலாம். ஆனால் எது என்று அவர்களே முடிவு செய்யட்டும். அதில் முதலாளி தலையிடக் கூடாது.

செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று படிவங்களையும் சங்க அலுவலகத்தில் கட்டுக் கட்டாக வாங்கி வைக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் ஒரு மணி வரை, எழுதத் தெரிந்த இருவர் உட்கார்ந்து உறுப்பினர்களுக்கும் கடை ஊழியர்களுக்கும் எழுதிக் கொடுக்கலாம். முதல் மூன்று மாதத்துக்கு நான் வந்து உட்காரச் சம்மதம். இன்னொருவர் வேண்டும்.