திரும்பி வந்தாலும் பழைய பெட்ரோல் இல்லை

நாகர்கோவில், கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழர்களுக்குத் தம்பானூர் அடுத்த தெரு மாதிரி. திருவனந்தபுரத்தின் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் அங்கேதான் எதிரெதிரே இருக்கின்றன. களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் சுமார் முப்பது கிலோமீட்டர். அந்த எல்லையைத் தாண்டும்போது மொழி மாறுகிறது, சாம்பாரின் ருசி மாறுகிறது. ஒருசில கார்களுக்கு எரிபொருளும் மாறவேண்டியிருக்கிறது.

2024 மார்ச்சில் இந்தியன் ஆயில் நிறுவனம் ‘எத்தனால் 100’ என்ற எரிபொருளை 183 பங்க்குகளில் விற்கத் தொடங்கியது. மகாராஷ்டிரம், கர்நாடகம், உத்தரப் பிரதேசம், டெல்லி, தமிழ்நாடு ஆகிய இடங்கள் அந்த முதல் பட்டியலில் இருந்தன. கேரளம் இல்லை. பெயரில் 100 இருந்தாலும் எத்தனாலின் பங்கு 93 சதவிகிதத்தை ஒட்டித்தான். மீதி, கொஞ்சம் பெட்ரோலும் இரண்டும் பிரியாமல் பார்த்துக்கொள்ளும் ரசாயனமும்.

எந்தக் கலவையிலும் ஓடும் ‘ஃப்ளெக்ஸ் ஃப்யூயல்’ வாகனங்களுக்காக வந்த சரக்கு இது. ஆனால் வேகப் பிரியர்களுக்கு எத்தனால் மீது பழைய காதல் உண்டு. அதன் ஆக்டேன் எண் அதிகம். ஆவியாகும்போது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும். அதனால் எஞ்சினில் அழுத்தத்தை ஏற்றலாம், டர்போவை முடுக்கலாம். அமெரிக்காவின் இண்டி பந்தயக் கார்கள் 1965 முதல் மெத்தனாலில் ஓடி, 2007இல் எத்தனாலுக்கு மாறியதற்கும் ஆல்கஹாலின் இந்த குணங்களுக்கும் சம்பந்தம் உண்டு.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இப்படி எத்தனாலுக்கென மாற்றி அமைத்து, சென்னையில் டேங்கை நிரப்பிப் புறப்படுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தம்பானூர் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு டேங்க் எத்தனாலில் அவ்வளவு தூரம் வராது, ஏனென்றால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வழியில் பெட்ரோல் போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது, அதே அளவு காற்றுக்கு எத்தனால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஊற்றியாக வேண்டும். இதற்காகக் கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டிருப்பார்கள். அந்த ஜெட் வழியாகப் பெட்ரோல் போனால் எஞ்சின் மூச்சுத் திணறும். கரும்புகை வரும், பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும்.

ஜெட்டை மாற்றிவிட்டால் மட்டும் போதாது. எத்தனால் எஞ்சின்களில் அழுத்த விகிதம் 12:1 வரைகூட இருக்கும். பழைய பெட்ரோல் எஞ்சின்களில் அது 8 அல்லது 9தான். உயர்ந்த அழுத்தத்தில் சாதாரணப் பெட்ரோல் தன் முறை வரும்முன்பே வெடிக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பது இதைத்தான். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும் பிஸ்டன், பிறகு ஓட்டையாகிவிடும்.

ஆகவே திரும்பும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் டேங்கைக் காலிசெய்து கழுவ வேண்டும். எத்தனால் பழைய டேங்கின் கசடைக் கரைத்து இழுத்து வரும், ஆகவே ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். ரப்பர் குழாய்களும் கார்புரேட்டரின் வாஷர்களும் ஊறி உப்பியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்தது அழுத்தம்: தடித்த ஹெட் கேஸ்கெட் அல்லது வேறு பிஸ்டன். டர்போ இருந்தால் அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் தள்ள வேண்டும். கடைசியில்தான் ஜெட். கம்ப்யூட்டர் உள்ள காரானால் இன்ஜெக்டரும் அதன் மென்பொருளும். செலவைப் பார்த்துப் பலர் கேஸ்கெட்டை விட்டுவிட்டு டைமிங்கோடு நிறுத்திக்கொள்வார்கள். பிஸ்டனை அடகு வைத்து மிச்சம் பிடிப்பது என்று இதைச் சொல்லலாம்.

இவ்வளவும் செய்து ‘பெட்ரோலுக்கு’ வந்துவிட்டோம் என்று நினைத்தால், பங்க்கில் இன்னொரு வேடிக்கை காத்திருக்கிறது. இங்கு சாதாரணமாகக் கிடைக்கும் பெட்ரோல் பழைய பெட்ரோல் அல்ல. 2003இல் சில மாநிலங்களில் 5 சதவிகித எத்தனாலில் தொடங்கிய கலப்பு, 2022இல் 10 சதவிகிதத்தை எட்டியது. 20 சதவிகிதத்துக்கு 2030 வரை அவகாசம் வைத்திருந்த அரசு, அதை 2025க்கு முன்னிழுத்து எட்டியும்விட்டது. கணக்குப் போட்டால் இந்தக் கலவைக்குச் சுத்தமான பெட்ரோலைவிட 7 சதவிகிதம்போல் அதிக எரிபொருள் போக வேண்டும். காரின் பழைய கையேட்டில் அச்சிட்டிருக்கும் ஜெட் எண்ணை அப்படியே போட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். ஒரு படி பெரிய ஜெட்டைப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

தம்பானூருக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. ஆமையிழஞ்சான் தோடு ரயில் நிலையத்தின் அடியில்தான் ஓடுகிறது. பலத்த மழை பெய்தால் இந்தப் பகுதி மூழ்குவது பழைய கதை. 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்று பெரிய அளவில் வடிகால் தூர்வாரியதும் இதற்காகத்தான். டேங்குக்குள் தண்ணீர் புகுந்தால் பெட்ரோல் மேலே மிதக்கும். எத்தனாலோ தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கும் பழைய காருக்கு டேங்கை வடித்துவைப்பதே நல்லது.

எத்தனால் கலப்பில் நாட்டுக்கு லாபம் இல்லையா? உண்டு. கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவு குறைகிறது, கரும்பு விவசாயிக்கு இன்னொரு சந்தை கிடைக்கிறது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தை அரசின் ஆவணமே ஒப்புக்கொண்டிருக்கிறது. கலப்பில்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 சதவிகிதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அந்த நஷ்டம் உரிமையாளரின் பையிலிருந்துதான் போகிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பிரேசில் இந்தப் பாடத்தை முன்பே படித்தது. 1975இல் எத்தனால் திட்டம், 1979இல் எத்தனாலிலேயே ஓடும் ஃபியட் 147, எண்பதுகளின் நடுவில் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் எத்தனால் கார்கள். பிறகு கச்சா எண்ணெய் விலை சரிந்தது, சர்க்கரை விலை ஏறியது. 1989-90இல் பங்க்குகளில் எத்தனாலுக்குத் தட்டுப்பாடு. எத்தனால் கார் வைத்திருந்தவர் வரிசையில் நிற்க வேண்டும், இல்லையென்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். மக்கள் அந்தக் கார்களின் மேல் நம்பிக்கை இழந்தார்கள். 2003இல் இரண்டிலும் ஓடும் ஃபோக்ஸ்வேகன் கோல் வந்து, எதைப் போடுவது என்ற முடிவு ஓட்டுபவரின் கைக்கு வந்த பிறகுதான் எத்தனாலுக்கு மறுவாழ்வு.

நம் பழைய கார்க்காரருக்குச் சட்டமும் கிடுக்கிப்பிடிதான். தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான். எரிபொருளை மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அங்கீகரிக்கப்பட்ட முறையில் மாற்றி, ஆர்.சி. புத்தகத்திலும் பதிய வேண்டும். அவர் தன் செலவில் எஞ்சினை மாற்றினால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. பங்க்கில் எரிபொருளை மாற்றியபோது அவரை யாரும் கேட்கவில்லை.